கடலுக்கான கலவை, மண்ணுக்கான கலவை: அலிப்பூரிலிருந்து சிவப்பு ஒயின் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் பொருள்

கல்கத்தாவின் தெற்குப் பகுதியான அலிப்பூரில் ஒயின் திராட்சை விளையாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 மி.மீ. மழை, ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை விலகாத ஈரக்காற்று, கடல்மட்டத்துக்குச் சில மீட்டரே மேலான வண்டல் தரை ஆகிய மூன்றும் கூடினால் கொடி தழைக்கும், ஆனால் கனியில் பூஞ்சை ஏறும். 1820இல் வில்லியம் கேரி தொடங்கிய இந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இன்று அலிப்பூரில்தான் இருக்கிறது. அயல்நாட்டுச் செடிகளை இந்த மண்ணுக்குப் பழக்க இரண்டு நூற்றாண்டாகப் பாடுபட்ட நிறுவனம் அது. அதன் வேலிக்கு உள்ளேயும் வானிலை இதேதான்.

ஆயினும் இந்த ஆய்வு அலிப்பூரில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. சிவப்பு ஒயின் விளையாத இந்த ஊரில் ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டாக அது குடிக்கப்பட்டு வந்திருக்கிறது. முதலில் கப்பலில் வந்தது, இப்போது தக்காணத்திலிருந்து லாரியில் வருகிறது. இரண்டு காலத்திலும் வந்தவற்றுள் உயர்ந்தது ஒன்றுக்கு மேற்பட்ட திராட்சைகளின் கலவைதான். கலவை என்றாலே தரம் குறைந்தது, குறையை மறைக்கும் வேலை என்ற எண்ணம் இந்தியக் குடிப்பவர்களிடையே பரவலாக இருக்கிறது. விஸ்கி பற்றிய பேச்சிலிருந்து அது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்த எண்ணம் தவறு. வெப்ப நாட்டில் உயர்ந்த சிவப்பு ஒயின் பெரும்பாலும் கலப்பதால்தான் உருவாகிறது. இதை வரலாற்றாலும் தோட்டத்தின் உயிரியலாலும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. அலிப்பூரின் விருந்து மேசை

வங்காளத்தின் தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் 1770களில் அலிப்பூரில் தமக்கென வீடு கட்டிக்கொண்டார். 1780 ஆகஸ்ட் 17 அன்று அவரும் அவரது ஆட்சிக் குழு உறுப்பினர் பிலிப் பிரான்சிஸும் துப்பாக்கியேந்தி நேருக்கு நேர் நின்றதும் அலிப்பூரில்தான், பெல்வடேர் மாளிகைக்கு அருகே. அந்தப் பெல்வடேரில் இன்று தேசிய நூலகம் இருக்கிறது. அக்காலக் கல்கத்தாவைப் பற்றிய நினைவுக் குறிப்புகளைப் படித்தால், விருந்து மேசை எவ்வளவு மதுவால் நடந்தது என்பது தெளிவாகத் தெரியும். 1777இல் இங்கு வந்த வழக்கறிஞர் வில்லியம் ஹிக்கியின் குறிப்புகளில் மதேராவும் கிளாரெட்டும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. பிரான்சின் போர்தோவிலிருந்து இங்கிலாந்து வழியாக வந்த சிவப்பு ஒயினையே ஆங்கிலேயர் கிளாரெட் என்றனர். அவர்களுடைய வீட்டுப் பணியாளர்கள் அதை லால் ஷராப் என்றார்கள்.

இந்த இரண்டு மதுக்களும் கடற்பயணத்தை வேறு வேறு விதமாகத் தாங்கின. மதேரா தீவில் செய்யப்பட்ட ஒயினில் அமிலம் மிகுதி, சாராயமும் சேர்த்து வலுவேற்றப்பட்டிருக்கும். வெப்பமண்டலத்தைக் கடந்து வரும் கப்பலின் அடித்தளத்தில் மாதக்கணக்கில் சூடேறியபோது அது கெடவில்லை, மணம் கூடியது. இரண்டு முறை கடல் கடந்த மதேராவுக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள். பின்னாளில் தீவிலேயே சூடான அறைகளில் வைத்து அதே விளைவை உண்டாக்கக் கற்றுக்கொண்டார்கள். கிளாரெட் அப்படியில்லை. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொது விதி. நிறம் பழுப்பாகும், பழ மணம் போகும், புளிப்பு மட்டும் மிஞ்சும்.

வந்து சேர்ந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. புட்டியைக் குளிர்விப்பதற்கென்றே ஆப்தார் என்ற பணியாளரை வைத்திருந்தார்கள். பீகாரின் வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் வெப்பத்தை இழக்கும். அந்தக் கரைசலில் புட்டியைச் சுழற்றிக் குளிரவைப்பது அவர் வேலை. 1833 செப்டம்பரில் பாஸ்டனின் பிரடெரிக் டியூடர் அனுப்பிய பனிக்கட்டி டஸ்கனி என்ற கப்பலில் கல்கத்தாவுக்கு வந்ததும் அந்தத் தொழில் தளரத் தொடங்கியது.

3. கப்பலுக்காகக் கலந்தவர்கள்

போர்தோ வணிகர்கள் தங்கள் ஒயினின் மெலிவை அறிந்திருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கிலச் சந்தைக்குப் போகும் பீப்பாய்களில் ரோன் பள்ளத்தாக்கின் எர்மிடாஜ் குன்றில் விளைந்த சிரா ஒயினையோ, ஸ்பெயினின் பெனிகார்லோ, அலிகான்டே ஒயின்களையோ சேர்ப்பது வழக்கமாக இருந்தது. சிரா என்பதுதான் இன்று நாம் ஷிராஸ் என்று சொல்லும் திராட்சை. அடர்ந்த நிறமும் உடலும் கொண்டது. அது சேர்ந்தால் மெலிந்த ஆண்டின் போர்தோவும் எழுந்து நின்றது. அயர்லாந்து வழிவந்த வணிகர் நத்தானியேல் ஜான்ஸ்டனின் கடிதங்கள், 1795ஆம் ஆண்டு லபீத் ஒயின்களில் எர்மிடாஜ் சேர்த்ததுதான் வாங்குபவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது என்று பதிவு செய்கின்றன. கலந்ததை அவர்கள் ஒளிக்கவில்லை. விலைப் பேச்சின் ஒரு பகுதியாகவே அதைப் பேசினார்கள்.

இந்தப் பழைய வழக்கத்துக்கு நம் காலத்தில் ஒரு சிறிய மறுபிறப்பு உண்டு. போர்தோவின் ஷாத்தோ பால்மேர் 2004 விளைச்சலிலிருந்து, தன் மெர்லோ, கேபர்னே சாவின்யோன் ஒயின்களோடு வடக்கு ரோனின் சிராவைச் சிறு பங்கு சேர்த்து, 19ஆம் நூற்றாண்டு ஒயின் என்ற பெயரில் மிகக் குறைந்த அளவில் வெளியிடுகிறது. வேறு பகுதித் திராட்சை கலந்ததால், பிரெஞ்சுச் சட்டப்படி முகப்பில் பகுதியின் பெயரும் ஆண்டும் போட முடியவில்லை. உலகின் பேர்பெற்ற பண்ணையொன்று தன் அரிய கலவையைச் சாதாரண மேசை ஒயின் என்ற வகுப்பில் விற்றது. சட்டம் தூய்மை என்று கருதுவதும் நாக்கு உயர்வு என்று உணர்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தமிழருக்கு இது புதிய கதையும் அல்ல. யவனர் கலங்களில் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு பாண்டியன் நன்மாறனின் அவையில் வைத்துப் பேசுகிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் நாட்டு இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றில் கோஸ் தீவின் பாணியில் அமைந்த சாடிகள் கணிசம். கோஸ் ஒயினில் கடல்நீர் சேர்ப்பார்கள். உப்பு அதைக் கெடாமல் காத்தது. ஆக, பாண்டியன் கோப்பைக்கு வந்ததும் ஹேஸ்டிங்ஸ் காலத்து அலிப்பூருக்கு வந்ததும் பயணத்துக்காக மாற்றப்பட்ட மதுக்களாகவே இருந்திருக்கலாம்.

4. தக்காணத்தில் கொடியின் நடத்தை

இந்தியாவிலேயே விளைந்த ஒயின் 1883-84 கல்கத்தா சர்வதேசக் கண்காட்சியில் வைக்கப்பட்டுப் பாராட்டும் பெற்றது. அடுத்த பத்தாண்டில் பில்லாக்செரா என்ற வேர்ப்பேன் கொடிகளை அழித்துவிட்டது. நூறாண்டு இடைவெளிக்குப் பிறகுதான் தீவிரமான முயற்சிகள் தொடங்கின. அவற்றில் கன்வல் குரோவர் என்ற தொழிலதிபரின் முயற்சி இந்த ஆய்வுக்கு முக்கியமானது. ஷாம்பேன் பகுதியைச் சேர்ந்த, மும் நிறுவனத்தில் பணியாற்றிய ஜார்ஜ் வெசெல் அவருக்கு வழிகாட்டினார். பிரெஞ்சுத் திராட்சை வகைகள் பலவற்றை நட்டுப் பார்த்தபின், பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்தில், தொட்டபள்ளாபூர் அருகே, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் 1988இல் தோட்டம் அமைந்தது. 1992இல் முதல் ஒயின் வந்தது. 1990களின் நடுவிலிருந்து போர்தோவின் மிஷேல் ரோலான் ஆலோசகராக இணைந்தார். அங்கு பிறந்த லா ரிசர்வ் என்ற ஒயின் கேபர்னே சாவின்யோனும் ஷிராஸும் சேர்ந்தது. கிளாரெட்டை வலுவாக்கிய பழைய வணிகர்களின் இணையே இங்கும் இருப்பது தற்செயலாக இருக்கலாம். காரணம் மட்டும் வேறு. அதை விளங்கிக்கொள்ளக் கொடியின் வாழ்வைப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் பனிக்காலம் கொடியை உறங்கவைக்கிறது. தென்னிந்தியாவில் அந்த உறக்கம் கிடையாது. விட்டுவிட்டால் கொடி ஆண்டு முழுதும் தழைக்கும், சமயத்தில் இரண்டு முறை காய்க்கும். அதனால் விவசாயி கவாத்தால் காலத்தை வகுக்கிறார். ஏப்ரலில் ஒரு கவாத்து, புதுக் கிளை வளர்வதற்கு. அந்தக் கிளையின் மொட்டுக்குள் கோடையிலேயே அடுத்த பூங்கொத்து உருவாகிவிடும். மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் மறு கவாத்து, காய்ப்பதற்கு. அறுவடை ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நடக்கிறது. ஐரோப்பாவில் வெயில் தணியும் பருவத்தில் கனி முதிர்கிறது. இங்கே அதற்கு நேர்மாறாக, வெயில் ஏறும் பருவத்தில் முதிர்கிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்றச் சிக்கல்கள் அனைத்தும் பிறக்கின்றன.

முதிரும் கனியில் பல கடிகாரங்கள் ஓடுகின்றன. சர்க்கரை ஏறுகிறது. மாலிக் அமிலம் சுவாசத்தில் எரிந்து இறங்குகிறது, வெப்பம் கூடினால் எரிவது கூடும். தோலின் நிறமிகள் சேர்கின்றன. தோலிலும் விதையிலும் உள்ள டானின் முரட்டுத் துவர்ப்பிலிருந்து மெல்ல இளகுகிறது. குளிர்ந்த நாட்டில் இவை ஒன்றையொன்று அனுசரித்து நடக்கும். தக்காணத்தின் மார்ச் மாத வெயிலில் சர்க்கரை முந்திக்கொள்ளும், அமிலம் விழும், டானின் பின்தங்கும். சர்க்கரையைப் பார்த்துப் பறித்தால் விதை இன்னும் பச்சையாக இருக்கும். விதைக்காகக் காத்திருந்தால் ஒயின் தட்டையாகவும் சாராயம் தூக்கலாகவும் ஆகிவிடும். உயரம் இதில் கொஞ்சம் கைகொடுக்கிறது. தொட்டபள்ளாபூரில் ஜனவரி இரவுகள் 15 டிகிரி அளவுக்கு இறங்குவதால் அமிலம் ஓரளவு தங்குகிறது.

நம் கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றியும் இங்கே கேள்வி எழும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் வகை, பந்தலில் படர்ந்து ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை காய்க்கிறது. அதன் மணம் அருமை, தின்பதற்கும் இனிமை. ஆனால் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் சிவப்பு ஒயினுக்கு வேண்டிய டானினும் தோலின் அடர்த்தியும் அதில் போதாது. கொடிக்கு ஓய்வு தராமல் மகசூலைக் கூட்டும் முறையும் சாற்றின் செறிவைக் குறைக்கிறது. அப்பள்ளத்தாக்கிலுள்ள சுருளிப்பட்டியின் விவசாயிக்குத் தின்பதற்கான பழமே நியாயமான விலை தரும். அவர் அதை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

5. தோட்டத்திலிருந்து பீப்பாய்க்கு

உயர்தரக் கலவைக்கான பழத்தை விடியலுக்கு முன், இரவின் குளிர்ச்சி போவதற்குள், சிறு கூடைகளில் பறிக்கிறார்கள். அழுகலையும் இலையையும் மேசையில் வைத்துப் பொறுக்கி நீக்கிக் காம்பைப் பிரிப்பார்கள். வெவ்வேறு திராட்சைகள் வெவ்வேறு நாளில் முதிரும் என்பதால் ஒவ்வொன்றையும், சில சமயம் ஒரே திராட்சையின் ஒவ்வொரு பாத்தியையும், தனித் தொட்டியில் நொதிக்கவிடுகிறார்கள். கலப்பவருக்குப் பின்னால் தெரிவு வேண்டுமானால் முன்னால் பிரித்து வைத்திருக்க வேண்டும்.

சாற்றின் நிறம் பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது. சாறும் தோலும் ஒன்றாக 25 முதல் 30 டிகிரிக்குள் நொதிக்கும்போது கரியமில வாயு தோலை மேலே தூக்கி ஒரு தொப்பியாக்கும். அடியிலிருந்து சாற்றை இறைத்து அதன்மேல் ஊற்றியோ, தொப்பியை அமுக்கியோ நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே 35 டிகிரி வெயில், உள்ளே ஈஸ்ட் உண்டாக்கும் சூடு, குளிர்நீர்க் குழாய் சுற்றாத தொட்டியில் ஈஸ்ட் செத்துவிடும். இந்தியாவில் நல்ல சிவப்பு ஒயின் செய்வதற்குக் குளிரூட்டியும் கொடி அளவுக்கே தேவை. தானாக வடியும் ஒயினையும், தோலைப் பிழிந்து எடுக்கும் ஒயினையும் பிரித்து வைப்பார்கள். பிழிந்ததில் டானின் மிகுதி. கலவையில் சிறிது சேர்க்கும் மருந்தாக அது பயன்படும்.

அதன்பின் பாக்டீரியா மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. பிறகு ஓக் பீப்பாய். வழக்கமான பிரெஞ்சு ஓக் பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும். மரத்தின் நுண்துளை வழியே மிகச் சிறிதளவு ஆக்சிஜன் புகுந்து டானினும் நிறமியும் ஒன்றோடொன்று பிணைய உதவுகிறது. அந்தப் பிணைப்பால் நிறம் நிலைக்கிறது, துவர்ப்பு மென்மையடைகிறது. கூடவே ஆவியாகும் இழப்பும் உண்டு. வெப்பமான, வறண்ட அறையில் அது ஐரோப்பாவைவிட அதிகம், ஆகவே பீப்பாயை அடிக்கடி நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும். காலி இடத்தில் காற்று தங்கினால் புளித்த காடி வாடை வந்துவிடும்.

6. கலக்கும் மேசை

கலவை பிறப்பது அளவுக் குடுவையும் கண்ணாடிக் கோப்பைகளும் வைத்த எளிய மேசையில். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் பீப்பாயிலிருந்தும் மாதிரி எடுத்து, 100 மில்லி அளவில் வெவ்வேறு விகிதங்களில் சேர்த்து, எண் மட்டும் எழுதிய கோப்பைகளில் சுவைக்கிறார்கள். ஐந்து விழுக்காட்டு மாற்றம் நாக்குக்குத் தெரியும். சிலவற்றில் இரண்டு விழுக்காடும் தெரியும். தனியாக மிகச் சிறந்ததாக இருக்கும் பீப்பாய் கலவையில் இடம் பெறாமல் போவதும், தனியாகக் குடிக்கவே முடியாத முரட்டு ஒயின் மொத்தத்துக்கும் முதுகெலும்பாவதும் இங்கே சாதாரணம். சமையலில் உப்பைத் தனியாகச் சுவைத்து அதன் தேவையை முடிவு செய்ய முடியாததைப் போன்றது இது.

கேபர்னே சாவின்யோனின் கனி சிறியது, தோல் தடித்தது. டானினும் வாசனையும் கொடுக்கும், வயதையும் தாங்கும். அதன் குறை நடுவில் இருக்கிறது: வாயில் முதலில் பழம் தெரியும், கடைசியில் துவர்ப்பு நிற்கும், இடையே ஒரு வெற்றிடம். வெப்ப நாட்டில் சீராக முதிராத கேபர்னேயில் பச்சை மிளகாய் நெடியும் வரலாம். ஷிராஸ் அந்த வெற்றிடத்தைப் பழச் சதைப்பற்றால் நிரப்புகிறது, மிளகின் மணம் தருகிறது. ஷிராஸின் குறை வேறு, தக்காண வெயிலில் அது விரைவில் அமிலத்தை இழந்து சோம்பலாகும். கேபர்னே அதை நிமிர்த்துகிறது. லா ரிசர்வின் தர்க்கம் இதுதான். ஆஸ்திரேலியர் இதே இணையைத் தம் அடையாளமாகவே ஆக்கினர். பென்போல்ட்ஸ் நிறுவனம் 1962இல் செய்த ‘பின் 60ஏ’ (Bin 60A) என்ற ஒயின், கூனவாராவின் கேபர்னேயும் கலிம்னாவின் ஷிராஸும் சேர்ந்தது. குறைந்த அளவில் செய்யப்பட்ட அது அந்நாட்டு ஒயின் வரலாற்றின் உச்சங்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது.

மகாராஷ்டிரத்தில் மழை குறைந்த சோலாப்பூர் மாவட்டத்தின் அக்லுஜில் பிராத்தெல்லி பண்ணை வேறொரு விடை கண்டது. இத்தாலியின் செக்கி சகோதரர்கள், தில்லியின் சேக்ரி சகோதரர்கள், அக்லுஜின் மோஹிதே பாட்டீல் சகோதரர்கள் சேர்ந்து தொடங்கிய அப்பண்ணையின் ஒயின் கலைஞர் டஸ்கனியைச் சேர்ந்த பியேரோ மாசி. சகோதரர் இணைகள் மூன்றும் மாசியும் சேர்ந்த ஏழு பேரின் நினைவாக ஏழு எனப் பொருள்படும் செத்தே என்ற பெயர் அதன் உயர்தரக் கலவைக்கு அமைந்தது. அதில் சாஞ்சியோவேசேயும் கேபர்னே சாவின்யோனும் சேர்கின்றன. 1971இல் அந்தினோரி குடும்பம் தொடங்கி, பின்னர் டஸ்கனியையே மாற்றிய திஞ்ஞானெல்லோ என்ற ஒயினின் வழி இது. சாஞ்சியோவேசே நிறத்தில் வெளிறியது, ஆனால் வெயிலிலும் அமிலத்தை விடாமல் பிடித்துவைக்கும். இந்தியத் தோட்டத்துக்கு இந்தக் குணம் பொன் போன்றது. நிறமும் உடலும் கேபர்னேயிலிருந்து வரும். என் மதிப்பீட்டில், தக்காணத்துக்கு ஷிராஸ் வழியைவிட இது கூடுதல் எதிர்காலம் உள்ள வழி. நாம் அதிகம் இழப்பது அமிலம். அதைப் பையில் வாங்கிச் சேர்ப்பதைவிடக் கொடியிலேயே காப்பது மேல். குரோவர் நிறுவனம் (இன்று குரோவர் ஸாம்பா) ஷேன் என்ற பெயரில் டெம்பிரானியோவையும் ஷிராஸையும் இணைத்ததும் இதே தேடலின் இன்னொரு முனை.

கோஸ் தீவினரும் போர்தோ வணிகரும் கடலை நினைத்துக் கலந்தார்கள். தொட்டபள்ளாபூரிலும் அக்லுஜிலும் கலப்பவர் மண்ணையும் மார்ச் வெயிலையும் நினைத்துக் கலக்கிறார். முன்னது சரக்கைக் காப்பது, பின்னது நிலத்துக்குப் பதில் சொல்வது. இதனாலேயே இந்தியக் கலவையை மறைப்பு வேலை என்று ஒதுக்குவதை ஏற்க முடியவில்லை.

7. அளவு ஏன் சுருங்குகிறது

ஒரு டன் பழத்திலிருந்து ஏறத்தாழ 650 லிட்டர் ஒயின் கிடைக்கும். அது 750 மில்லிப் புட்டிகளில் 860க்குச் சற்று மேல். ஒரு பீப்பாய் என்பது 300 புட்டி. பன்னிரண்டு பீப்பாய் மட்டும் தேறினால் 3,600 புட்டியோடு அந்த ஆண்டு முடிந்தது. தேறாதது அடுத்த நிலை ஒயினுக்குப் போகும். கொத்துகளைப் பிஞ்சிலேயே வெட்டி எறிந்து மகசூலைக் குறைப்பது, இறக்குமதிப் பீப்பாயின் விலை, விற்காமல் ஆண்டுக்கணக்கில் முடங்கும் பணம் ஆகியவை சேர்ந்தே விலையை உயர்த்துகின்றன. குறைந்த அளவு என்பதை விளம்பரத் தந்திரமாக மட்டும் பார்ப்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு செலவு சாலையில் இருக்கிறது. பெங்களூரிலிருந்து கல்கத்தாவுக்கு ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். மே மாதத்தில் குளிரூட்டாத லாரியில் வரும் பெட்டி, பழைய கிளாரெட் மாதக்கணக்கில் பட்ட துன்பத்தைச் சில நாட்களில் பட்டுவிடும். தக்கை சற்று வெளியே தள்ளியிருந்தாலோ, கழுத்தில் கசிவுத் தடம் இருந்தாலோ அந்தப் புட்டி சூடேறியது என்று அறியலாம். மதுவின் மீதான அதிகாரம் நம் அரசியலமைப்பில் மாநிலங்களிடம் இருப்பதால், ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாக முகப்புப் பதிவும் வரியும் உண்டு. சில நூறு பெட்டிகளே உள்ள ஒயினை எல்லா மாநிலத்துக்கும் அனுப்புவது பண்ணைக்குக் கட்டுப்படியாகாது. அலிப்பூரின் விருந்து மேசைக்கு அரிய இந்தியக் கலவைகள் சில எட்டாமல் போவதற்குத் தொலைவைவிட இதுவே பெரிய காரணம்.

8. முகப்பில் எழுத வேண்டியது

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு திராட்சையின் பெயரை மட்டும் போட்டு விற்க அந்தத் திராட்சை 85 விழுக்காடு இருக்க வேண்டும். அமெரிக்காவில் 75 போதும். ஒற்றைத் திராட்சை என்று நம்பி வாங்குவதிலும் வேறொன்று சட்டப்படியே கலந்திருக்கலாம் என்பது இதன் பொருள். ஸ்பெயினில் சிவப்பு ஒயினின் முகப்பில் ரிசர்வா என்று எழுத மூன்றாண்டு முதிர்வு வேண்டும், அதில் குறைந்தது ஓராண்டு ஓக் மரத்தில் கழிந்திருக்க வேண்டும். வாங்குபவர் அந்தச் சொல்லை நம்பலாம்.

இந்தியக் கலவைகளின் பின்முகப்பில் நான் எதிர்பார்ப்பது மூன்றைத்தான்: ஒவ்வொரு திராட்சையின் விழுக்காடு, பீப்பாயில் இருந்த மாதங்கள், அந்த ஆண்டின் மொத்தப் புட்டிகள். இன்று பல புட்டிகளில் இவற்றின் இடத்தை உணவுப் பொருத்தம் பற்றிய இரண்டு வரிகள் பிடித்துக்கொள்கின்றன. விகிதத்தை ஆண்டுதோறும் அச்சிட்டால், மழை பிந்திய ஆண்டில் சாஞ்சியோவேசே எவ்வளவு ஏறியது, வெயில் கடுத்த ஆண்டில் ஷிராஸ் எவ்வளவு இறங்கியது என்பதை வாங்குபவர் தாமே ஒப்பிட்டுக்கொள்ளலாம். பத்தாண்டு முகப்புகளைச் சேர்த்துவைத்தால் அடுத்த தோட்டத்தில் எந்தக் கொடியை எத்தனை ஏக்கர் நடுவது என்பதை முடிவு செய்யவும் அவை விவசாயிக்குப் பயன்படும்.